கொல்லைக் குழாய்

நான் சொல்லப்போவது முழுக்க அப்படியே நடந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. மில் வாசலில் நின்றது மாமரம் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். சென்ற ஆண்டு மலாக்காவில் காஜா பெராங் பக்கம் போனபோது அங்கே ஒரு பெரியவர் அது ரம்புத்தான் மரம் என்றார். அவர் சொன்ன பிறகு அதில் சிவப்புச் சிவப்பாய்ப் பழம் தொங்கியதும் நினைவுக்கு வருகிறது. மனிதர்களின் முகங்களும் எனக்கு அப்படித்தான். யாராவது சொன்னால் மாறிவிடும்.

இஞ்சின் விஷயத்தில் மட்டும் எனக்கு மறதி கிடையாது. எந்த இஞ்சின் எந்த மாதத்தில் எப்படி இருமியது என்று இன்றைக்கும் சொல்வேன். ஆகையால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஜப்பான்காரன் காலத்தில் சேதுராமன் என்பவர் காஜா பெராங்கில் மரவள்ளி மாவு மில் நடத்தினார். அரிசி கண்ணில் படாத நாட்கள் அவை. உபி காயு என்று மலாய்க்காரர் சொல்லும் அந்தக் கிழங்கைத்தான் மலாக்கா முழுவதும் காலையும் மாலையும் தின்றது. அரைக்கும் கல்லை ஓட்டியது ஒற்றைச் சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின். ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும் உயரம்தான் இருக்கும். பெட்ரோல் எல்லாம் ராணுவத்துக்குப் போய்விட்டதால் அதைக் கரி வாயுவில் ஓடும்படி மாற்றியிருந்தோம். மூடிய இரும்பு அடுப்பில் பாக்காவ் என்னும் சதுப்புநில மரத்தின் கரி கனன்றுகொண்டிருக்கும். அதிலிருந்து வரும் வாயுவை இஞ்சின் குழாய் வழியே உறிஞ்சிக்கொள்ளும்.

மாற்றியது நான். அடுப்பைப் பார்த்துக்கொண்டது என் தம்பி நல்லையா. எங்கள் அப்பா அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். இருவரும் போன பிறகு எங்களுக்கு நாங்கள்தான்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இஞ்சின் முன்கொட்டகையில் இருந்தது. அடுப்பு பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே. இரண்டுக்கும் நடுவில் மாவு மூட்டை அடுக்கும் அறை. குழாய் அந்த அறையின் சுவரை ஒட்டி, மூட்டைகளுக்குப் பின்னால் போகும். அறையில் ஒரு மரக்கட்டில் கிடந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சேதுராமன் அதில்தான் படுப்பார். மூட்டைக்குக் காவல் என்பார். குறட்டை தெருவரை கேட்கும்.

இஞ்சின் நின்றாலும் அடுப்பு உடனே நிற்காது. மணிக்கணக்கில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அந்த வாயு வானத்தைப் பார்த்துப் போவதற்குக் கூரைக்கு மேலே ஒரு குழாய் நீட்டியிருந்தது. கொல்லைக் குழாய் என்று சொல்வோம். அதைத் திறந்து மூடும் கைப்பிடியை நான் கம்பி போட்டு இஞ்சின் பக்கத்துக்கே கொண்டுவந்திருந்தேன். இஞ்சின் ஓடும்போது கைப்பிடி கீழே இருக்கும். நின்றதும் மேலே தூக்க வேண்டும். கரி வாயுவுக்கு நிறம் கிடையாது. மணம் என்று சொல்லவும் பெரிதாக ஒன்றுமில்லை.

1943-ஆம் வருஷம் நடுப்பகுதியில் ஒருநாள் காலை லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தெங்கேராவில் ஒரு தெருவையே காலி செய்துவிட்டதாக முதல்நாள்தான் பேசிக்கொண்டோம். இரண்டு சிப்பாய்கள் இறங்கினார்கள். கூட வந்த துபாஷி எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தான். "சத்து ஓராங்," என்றான். ஒரு ஆள்.

சேதுராமன் யோசிக்கவில்லை. மலாயில்தான் சொன்னார். "இவன் பிட்டர். இவன் போனா இஞ்சின் நின்னுரும், உங்களுக்கு மாவு வராது. தம்பிக்காரனைக் கூட்டிட்டுப் போங்க." கையைக்கூடத் தூக்கவில்லை. தாடையால் காட்டினார்.

நான் ஒரு அடி முன்னால் வைத்து, நான் போகிறேன் என்றேன். அப்படித்தான் எனக்கு நினைவு.

நல்லையா சட்டை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னான். சிப்பாய்கள் விடவில்லை. லாரியில் ஏறிய பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, இஞ்சின் நின்னதும் கொல்லைக் குழாயத் திறந்துடு. முதலாளி உள்ள படுத்திருப்பாரு," என்றான். பத்து நாளில் திரும்பிவிடுகிறவன் சொல்வது போலச் சொன்னான்.

அன்று மத்தியானம் இஞ்சினை நிறுத்தியதும் கைப்பிடியைத் தூக்கினேன். மறுநாளும் தூக்கினேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு அப்போது எந்த எண்ணமும் இல்லை.

சேதுராமன் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். கலகலப்பான மனிதர். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருப்பேன், அதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. அது அவருக்குப் பொறுக்காது. "நீயும் இந்த இஞ்சினும் ஒரே சாதிடா தியாகு. ரெண்டும் ஒரு வார்த்தை விடறதுக்கு முன்னால நூறு தடவை யோசிக்குது," என்பார். நானும் சிரிப்பேன். அவர் மனைவி கமலவேணியை அக்கா என்று கூப்பிடுவேன். நல்லையா போன பிறகும் அவனுடைய பங்குக் கிழங்கையும் என் தட்டிலேயே வைப்பார். ஏன் அக்கா என்றால், "அவன் வர்ற வரைக்கும் நீ ரெண்டு பேருக்கும் சேத்துச் சாப்பிடு தம்பி," என்பார்.

ஆனால் சேதுராமனிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஏதாவது வேலை சுணங்கினால், யாராவது மில்லுக்கு வந்து நல்லையாவைப் பற்றி விசாரித்தால், என் தோளில் கையை வைத்து, "உன்னைக் காப்பாத்துனது யாருன்னு மறந்துடாத," என்பார். அன்பாகத்தான் சொல்வார். ஒரு தடவை சொன்னால் தாங்கிக்கொள்ளலாம். அவர் அதை வெற்றிலை போடுவது போல, சாப்பாட்டுக்குப் பிறகெல்லாம் சொன்னார்.

நல்லையா போய் இரண்டு மாதம் இருக்கும். இஞ்சின் மக்கர் செய்ய ஆரம்பித்தது. காலையில் பிடித்துக்கொள்ளும். கல்லில் கிழங்கு விழுந்து பாரம் ஏறியதும் திணறும், இருமும், வேகம் எழும்பித் தாழும். மாவு குறைந்தது. ராணுவக் கிடங்கில் ஒருவன் சேதுராமனைக் கன்னத்தில் அறைந்து அனுப்பினான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வந்தவர், "இன்னொரு தடவை மாவு குறைஞ்சா மில்லைப் புடுங்கிருவானுங்க. அப்புறம் உனக்கும் எனக்கும் ஒரே லாரிதான், பார்த்துக்க," என்றார்.

இஞ்சின் சரியாக ஓடவில்லை என்றால் என் வழக்கம் ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடுவேன். இரண்டைத் தொட்டால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும். பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டி இடைவெளியைச் சரிசெய்தேன். கொஞ்சம் தேவலை, ஆனால் தீரவில்லை. பொறி கொடுக்கும் மேக்னெட்டின் முனைகளை உரசினேன். வால்வைத் தேய்த்து உட்கார வைத்தேன். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன், அழுத்தம் நன்றாக இருந்தது. கரியைச் சலித்துத் தூளை நீக்கிப் போட்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன முன்னேற்றம், பிறகு அதே இருமல்.

கடைசியில் காற்று. வாயுவோடு சேரும் காற்றை விடுவதற்கு இஞ்சின் அருகே ஒரு திருகு உண்டு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தேன். முழுக்க மூடினால் இஞ்சின் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது. அப்படியானால் வேறு எங்கோ வழியாக அது காற்றைக் குடிக்கிறது. வேறு விளக்கம் கிடையாது.

கமலவேணி அக்காவிடம் ஒரு ஊதுபத்தி வாங்கினேன். இஞ்சின் ஓடும்போது குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் அதைப் பிடித்துக்கொண்டே போனேன். ஓட்டை இருந்தால் புகை உள்ளே இழுபடும். முன்கொட்டகையில் ஒன்றுமில்லை. மூட்டை அறைக்குள் போய், மூட்டைகளுக்குப் பின்னால் இடுக்கில் நுழைந்தேன்.

"என்னடா, மூட்டைக்கு தூபம் காட்டுறியா?" என்றார் சேதுராமன் கட்டிலில் இருந்தபடியே. "அப்படியே என் தலையையும் சுத்திப் போட்டுட்டுப் போ. கிடங்குக்காரன் கண்ணு பட்டிருக்கு."

சுவரோடு ஒட்டிய இணைப்பில் புகை வளைந்தது. ஒரு நூல் போல, நேராக உள்ளே போயிற்று.

அந்த இணைப்பில் களிமண் பூசியிருந்தது. அங்கே களிமண் இருப்பதே எனக்குத் தெரியாது. நல்லையா எனக்குச் சொல்லாமல் அவ்வப்போது பூசி வந்திருக்கிறான். காய்ந்த மண்ணில் அவன் கட்டைவிரல் பதிவுகள் வரிசையாக இருந்தன. நடுவில் இருந்த ஒரு பதிவு இரண்டாக வெடித்து, அதன் வழியாகத்தான் புகை போய்க்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. ஊதுபத்தி விரலைச் சுட்டது.

இஞ்சின் ஓடும்போது அந்த வெடிப்பு காற்றை உள்ளே இழுக்கும். இஞ்சின் இருமும், அவ்வளவுதான். இஞ்சின் நின்ற பிறகு அடுப்பு மூச்சு விடும்போது அதே வெடிப்பு வாயுவை வெளியே விடும். கொல்லைக் குழாய் திறந்திருந்தால் வாயு மேலே போய்விடும், அறைக்குள் வருவது சொற்பம். மூடியிருந்தால் எல்லாம் அறைக்குள்தான். ஒரு பிடி களிமண்ணும் ஒரு முழம் கயிறும் இருந்தால் கால் மணி நேர வேலை.

"என்ன, ஏதாவது கிடைச்சிச்சா?" என்றார்.

"இங்க எல்லாம் சரியாத்தான் இருக்கு முதலாளி," என்றேன்.

இதுதான் நான் சொன்ன முதல் பொய். அதுவும் திட்டமிட்டுச் சொன்னதில்லை.

வெளியே வந்து காற்றுத் திருகைக் குறைத்துவைத்தேன். வெடிப்பு வழியாக வரும் காற்றுக்கு அது சரியாகிப்போனது. இஞ்சின் ஓரளவு சீராக ஓடியது. மாவு கூடியது. சேதுராமன் கமலவேணி அக்காவிடம், "நம்ம பிட்டருக்கு கைராசிடி. இவனை அன்னிக்கு அனுப்பியிருந்தா இன்னிக்கு நம்ம கதி என்ன?" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெட்கம் இருந்தது. அதை நான் மறக்கவில்லை, அதனால் எனக்குப் பயன் இல்லாவிட்டாலும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மத்தியானமும் கைப்பிடியைத் தூக்குவது முன்பு போல இல்லை. முன்பு அது பழக்கம். இப்போது ஒவ்வொரு நாளும் நான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அதை அவர் அறியாமல் இருந்தார் என்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அவர் தோளில் கைவைத்துத் தன் வசனத்தைச் சொல்லும்போது, நான் மனதுக்குள் அதே வசனத்தை அவருக்குச் சொல்வேன்.

ஒருநாள் ஒரு பீடி குடித்துவிட்டுப் பிறகு தூக்கினேன். அன்று எழுந்தபோது அவருக்குத் தலை கனத்தது. இன்னொரு நாள் கைகால் கழுவிச் சாப்பிட்டுவிட்டுத் தூக்கினேன். அன்று வாந்தி எடுத்தார். நடுவில் சில நாட்கள் உடனே தூக்கிப் பார்த்தேன். அந்த நாட்களில் நன்றாக இருந்தார். ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா.

அவர் காரணத்தை வேறு இடத்தில் தேடினார். கசப்பு உபியைத் தின்றால் தலை சுற்றும், சில சமயம் ஆளே போய்விடுவான் என்பது அந்த நாளில் எல்லாருக்கும் தெரியும். "இந்தக் கிழங்கு நம்மளைக் கொன்னுட்டுதான் விடும் தியாகு," என்பார். முகம் மட்டும் வழக்கத்தைவிடச் சிவந்து, ஆரோக்கியமாகத் தெரிந்தது. பார்த்தவர்கள், மாவு மில் முதலாளிக்கு என்ன குறை, யுத்தத்திலும் மினுமினுக்கிறார் என்றார்கள்.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. வழக்கம் உங்களுக்குத் தெரியும். கருவிகளைத் துடைத்துச் சாமி முன்னால் வைத்துப் பொட்டு இட்டுவிட்டால் மறுநாள் பூஜை முடித்து எடுக்கும்வரை தொடக் கூடாது. மில்லில் இன்னொரு வழக்கமும் இருந்தது. காலையில் இஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, சூட்டோடு அதற்குப் பொட்டு வைப்பார்கள்.

அன்று அடுப்பில் கரியை விளிம்புவரை போட்டேன். ஏன் இவ்வளவு என்று சேதுராமன் கேட்டதற்கு, நல்ல நாள், அரைகுறையாகப் போடக் கூடாது என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது.

இஞ்சின் ஓடியது. நிறுத்தினேன். என் ஸ்பானர், சுத்தியல், அரம் எல்லாம் ஏற்கெனவே சாமி படத்துக்கு முன்னால் இருந்தன. கமலவேணி அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வீட்டுச் சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தார். அவர் வந்து சேர்வதற்குள் கைப்பிடியைத் தூக்க எனக்கு வேண்டிய அவகாசம் இருந்தது. நான் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டேன்.

அக்கா சக்கரத்துக்குப் பொட்டு வைத்தார். மேக்னெட் பெட்டிக்கு வைத்தார். வார்ப்பட்டைக்கு வைத்தார். பிறகு கீழே கிடந்த அந்தக் கைப்பிடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு துண்டுச் செவ்வரளிச் சரத்தைச் சுற்றிக் கட்டினார். சேதுராமன் சூடம் காட்டினார். எல்லாரும் விழுந்து கும்பிட்டோம். நானும் கும்பிட்டேன்.

அதன் பிறகு அந்தக் கைப்பிடி சாமியுடையது. அதை நான் தொட முடியாது. இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு அது அவ்வளவு தெளிவாக இருந்தது.

அவர்களுக்குப் பாக்கியலட்சுமி என்று ஒரே பெண், பதினான்கு வயது. தெங்கேராவில் அவளுடைய சித்தி இருந்தாள். பிரசாதத்தைச் சூடாறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரலாமே என்று நான்தான் சொன்னேன். "அம்மாவையும் கூட்டிட்டுப் போ, தனியா போகாத," என்றேன். இது எனக்கு முக்கியம். நான் கொடூரமானவனாக இருந்திருந்தால் இப்படி யோசித்திருக்க மாட்டேன்.

இரண்டு பேரும் புறப்பட்டார்கள். சேதுராமன் வயிறு நிறையக் கிழங்குப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போனார். போகும்போது இஞ்சினைத் தட்டி, "என்ன இருந்தாலும் இன்னும் லேசா இருமுதுடா. இன்னிக்கே பார்த்துடேன்," என்றார்.

"இன்னைக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாதே முதலாளி. நாளைக்குப் பார்த்துடறேன்."

"அதுவும் சரிதான். சாமிக்கு முன்னால ஜப்பான்காரனே கொஞ்சம் தள்ளித்தான் நிக்கணும்," என்று சிரித்தார்.

மழை பிடித்தது. மாவு நனையாமல் இருக்க அவர் பலகைச் சன்னலை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. கதவையும் சாத்தினார்.

நான் முன்கொட்டகையில் ஒரு காலி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். குறட்டை கேட்டது. மழைச் சத்தத்தில் மறைந்து மறைந்து கேட்டது.

கொஞ்ச நேரத்தில் கமலவேணி அக்கா நனைந்துகொண்டு திரும்பி வந்தார். வழியில் மழை வந்ததும் பெண்ணை, அதே பக்கம் போன ஒரு செட்டி வீட்டுப் பெண்ணோடு அனுப்பிவிட்டாராம். "காலு ரொம்ப வலிக்குது தம்பி. பூசை வேலை, காலையிலேருந்து நின்னுட்டே இருக்கேன். சித்த நேரம் சாயறேன்," என்றார்.

இந்த இடத்தில்தான் என் நினைவு எனக்கு உதவவில்லை. நான் ஏதோ சொன்னேன் என்று நினைக்கிறேன். வீட்டுப் பக்கம் போய்ப் படுங்கள் அக்கா என்று சொல்லியிருக்கலாம். அவர், "அவரு தனியா படுத்திருக்காரு, தலைவலின்னா எழுப்ப ஆள் வேணுமே," என்றதாகவும் நினைவு. அவர் அறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் காத்திருந்தேன். அக்கா வெளியே வந்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்பது உண்மை. கைப்பிடி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அரளிப் பூ இன்னும் வாடவில்லை. எழுந்து தூக்கியிருந்தால் அக்கா பிழைத்திருப்பார். சேதுராமனும் பிழைத்திருப்பார். ஒருவரை மட்டும் வெளியே எடுக்கும் வழி அந்தக் கைப்பிடியில் இல்லை. அதை நான் நிதானமாக யோசித்துப் பார்த்தேன்.

எப்போது குறட்டை நின்றது என்று கவனிக்கவில்லை. மழை நின்றபோதுதான் அது கேட்கவில்லை என்பது தெரிந்தது.

அதற்கும் பிறகு வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சன்னலைத் தள்ளிவிட்டு வெளியே வந்துவிட்டேன். மீண்டும் போனபோது இருவரும் தூங்குவது போலத்தான் இருந்தார்கள். முகத்தில் நல்ல நிறம் இருந்தது. அக்கா தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். கை மட்டும் கட்டில் பக்கம் நீண்டிருந்தது. எழுப்ப முயன்றாரா, தூக்கத்தில் நீட்டினாரா, தெரியாது.

கைப்பிடியைத் தூக்கிவிட்டு, பூவை மறுபடி அதே மாதிரி சுற்றிவைத்தேன். பிறகு தெருவுக்குப் போய் ஆட்களைக் கூப்பிட்டேன்.

ஆட்கள் தாங்களாகவே முடிவுக்கு வந்தார்கள். பொங்கலில் கசப்புக் கிழங்கு கலந்துவிட்டது, அந்தத் துண்டு இவர்கள் இரண்டு பேர் தட்டில் விழுந்திருக்கிறது என்றார்கள். அந்த மாதத்தில் தெங்கேராவிலும் உஜோங் பாசிரிலும் அப்படி ஓரிருவர் போயிருந்ததால் யாரும் அதைத் தாண்டி யோசிக்கவில்லை. நீயும்தானே சாப்பிட்டாய் என்று ஒருவர் கேட்டார். எனக்கும் காலையிலிருந்து தலை சுற்றுகிறது, நான் இரண்டு வாய்தான் சாப்பிட்டேன் என்றேன். ஜப்பான்காரன் வந்து எட்டிப் பார்த்தான். மூட்டைகளை எண்ணிவிட்டுப் போனான்.

மறுநாள், கருவிகளை எடுத்ததும் நான் செய்த முதல் வேலை அந்த இணைப்புக்குக் கயிறு சுற்றிக் களிமண் பூசியது. பழைய மண்ணைப் பெயர்த்தபோது நல்லையாவின் விரல் பதிவுகள் தூளாகிவிட்டன. காற்றுத் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். இஞ்சின் ஒரு இருமல்கூட இல்லாமல் ஓடியது. அவ்வளவு சுத்தமாக அது ஓடி நான் கேட்டதில்லை.

ஜப்பான்காரன் போய்ச் சில மாதம் கழித்து நல்லையா திரும்பி வந்தான். பாதி ஆள்தான் வந்தான். ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே சதை இல்லை. வந்ததும் முதலாளி எங்கே என்று கேட்டான். சொன்னேன். அக்காவுமா என்றான். ஆமாம் என்றேன்.

"எங்க?"

"மூட்டை ரூமுல."

"மத்தியானமா?"

"ஆமா."

அவன் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தான். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "லாரி வந்த அன்னிக்கு நீ ஒண்ணும் சொல்லலைண்ணே. கீழ குனிஞ்சி நின்ன. நான் அதைத் தப்பா நினைக்கவே இல்ல. யாரா இருந்தாலும் அப்படித்தான் நின்னிருப்பான். அங்க ஒவ்வொரு நாளும், நல்லவேளை அண்ணன் வரலன்னுதான் நினைச்சிக்கிட்டிருந்தேன்." சதை போன காலைத் தடவிக்கொண்டான். "அதுக்கு எதுக்குண்ணே அவங்களை?"

சயாமில் காய்ச்சல் கண்டவர்களுக்கு நினைவு தப்பும் என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். நான் போகிறேன் என்றேன். என் காதில் அது இன்றும் கேட்கிறது. மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெல்லச் சொல்லியிருக்கலாம்.

சேதுராமனைக் கொன்றது நான்தான். அதை மறுக்கவில்லை. கமலவேணி அக்கா தானாக வந்தார்.

இனி எல்லாரும் என்ன ஆனார்கள் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். மில்லைச் சில காலம் நான் நடத்தினேன். அரிசி வந்த பிறகு மரவள்ளி மாவை யாரும் தொடவில்லை. மூடிவிட்டேன். இஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டேன். அந்தத் துபாஷியை யுத்தம் முடிந்த வாரத்தில் ஆற்றங்கரையில் அடித்தே கொன்றதாகக் கேள்வி. நல்லையா புக்கிட் காதில் பக்கம் ஒரு தோட்டத்தில் காவல் வேலை பார்த்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வீட்டில் ஒருநாளும் சாப்பிடவில்லை. யாரிடமும் எதுவும் சொல்லவும் இல்லை. போன வருஷம் இறந்தான். கொள்ளி வைத்தது நான்.

பாக்கியலட்சுமியை நான்தான் வளர்த்தேன். நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தேன். இரண்டு பிள்ளைகள். மாமா மாமா என்று என்மேல் உயிராக இருக்கிறாள். அன்றைய பொங்கலுக்குக் கொல்லையில் கிழங்கு தோண்டிக் கொடுத்தது அவள்தான். எது கசப்பு, எது நல்லது என்று தெரியாமல் பிடுங்கிவிட்டோமோ என்ற எண்ணம் அவளை விட்டுப் போகவில்லை. இப்போதும் புரட்டாசி பிறந்தால் தூங்க மாட்டாள். என்னிடம் வந்து உட்கார்ந்து, "நெஜமா சொல்லுங்க மாமா, நான்தானே?" என்று கேட்பாள். உன்மேல் ஒரு தப்பும் இல்லை அம்மா என்று அவள் தலையைத் தடவிச் சொல்வேன். இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.